மிச்சமிருந்த இரண்டு நிமிடம்

கோடம்பாக்கம் பவர் ஹவுஸ் பக்கத்தில் ஒரு சந்தில் என் அப்பா கேசட் கடை வைத்திருந்தார். எட்டுக்குப் பத்தடி இடம். இரண்டு டெக், ஒரு டர்ன்டேபிள், ஒரு ஆம்ப்ளிஃபயர், மரப்பெட்டிக்குள் பொருத்திய இரண்டு ஸ்பீக்கர், மூன்று சுவரிலும் ரெக்கார்டுகள். ஜனங்கள் துண்டுச் சீட்டில் தங்களுக்குப் பிடித்த பாட்டுகளை எழுதிக்கொண்டு வருவார்கள். அப்பா அவற்றைக் கேசட்டில் பதிந்து கொடுப்பார். அது உரிமைச் சட்டத்துக்குப் புறம்பான தொழில் என்பது எங்களுக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. அன்றைக்குத் தெருவுக்குத் தெரு அப்படி ஒரு கடை இருந்தது. நான் பள்ளி விட்டு வந்ததும் கடையில் உட்காருவேன். கேசட் அட்டையில் பாட்டுப் பெயர்களை வரிசையாக எழுதுவது என் வேலை.

அறுபது நிமிடக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம். நாலரை நிமிடப் பாட்டு ஆறு பதிந்தால் இருபத்தேழு நிமிடம் போய்விடும். ஏழாவது பாட்டு அடங்காது. பாதியில் அறுந்த பாட்டைக் கொடுத்தால் வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார். வெறுமனே விட்டாலோ, "என்ன சார், டேப்பு சும்மா ஓடுது?" என்பார். அதனால் மிச்சமிருக்கும் இரண்டு மூன்று நிமிடத்தை வாத்திய இசை போட்டு நிரப்புவது கடைக்காரர்கள் வழக்கம். படத்தின் டைட்டில் மியூசிக், ஒரு கிட்டார் பிட்டு, ஒரு புல்லாங்குழல், கைக்கு எது கிடைக்கிறதோ அது. நாடா தீரும் இடத்தில் அது அறுந்து போனால் யாரும் கேட்கமாட்டார்கள். அட்டையில் அதற்குப் பெயர் எழுத வேண்டாம், ஒரு கோடு போட்டால் போதும் என்று அப்பா சொல்லியிருந்தார்.

1986-ல் எனக்குப் பதினான்கு வயது. அந்த வருஷம் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' கடைக்கு வந்தது. இளையராஜா பெயர் போட்ட கேசட் என்றால் பிரித்துப் பார்க்காமல் வாங்கிப்போகிற காலம். அப்பா நம்பிக்கையோடு பத்து வாங்கி வைத்தார். முதல் நாள் மூன்று போயிற்று. மறுநாள் மூன்றில் இரண்டு திரும்பி வந்தது.

"என்னங்க இது, பாட்டே வரலையே?"

"வராதுங்க. வாத்தியம் மட்டும்தான்."

"யாரும் பாடலையா? அப்ப எதுக்குங்க இது?"

அந்தக் கேள்வி கேட்டவரை நான் குறை சொல்லமாட்டேன். அவர் லாரி செட்டில் வேலை பார்த்தவர். எஸ்.பி.பி.யும் ஜானகியும் பாடுவார்கள் என்று காசு கொடுத்து வாங்கியிருந்தார். அப்பா பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். மிஞ்சிய கேசட்டுகளில் ஒன்றைக் கடை உபயோகத்துக்குப் பிரித்தார். அன்றிலிருந்து அந்த ஆல்பம் எங்கள் கடையின் நிரப்பு இசை ஆயிற்று. ஒரு பக்கத்தில் இரண்டு நிமிடம் மிச்சமா, அதில் இரண்டு நிமிடம் வயலின். மூன்று நிமிடம் மிச்சமா, அதில் மூன்று நிமிடம். இப்படி அந்த ஆல்பம் துண்டு துண்டாகக் கோடம்பாக்கத்திலும் டிரஸ்ட்புரத்திலும் ரங்கராஜபுரத்திலும் வீட்டுக்கு வீடு போனது. கேட்டவர்களுக்கு அதன் பெயர் தெரியாது. அட்டையில் நான் போட்ட கோடு மட்டும்தான் இருந்தது.

நாற்பது வருஷம் ஆகப்போகிறது. அந்தக் கோட்டைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

அந்த ஆல்பத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பத்து உருப்படிகள். திருவையாற்றுத் தியாகராஜருக்கும் ஜெர்மனியின் யொஹான் செபாஸ்டியன் பாக்குக்கும் இளையராஜா அதை அர்ப்பணித்தார். தனி வயலின் வி.எஸ்.நரசிம்மன். பாக்கைத் தன் வீட்டில் சந்தித்ததாக ஓர் உருப்படிக்குத் தலைப்பு. இருவரும் பேசிக்கொண்டிருந்ததாக அதற்குத் தொடர்ச்சியாக இன்னொரு தலைப்பு. சேம்பர் இசை தியாகராஜரை வரவேற்பதாக மற்றொன்று. ஒரு குரல் தொடங்கி வைத்ததை இன்னொரு குரல் பின்னால் வந்து பிடித்துக்கொள்ள, மூன்றாவது அதன்மேல் ஏறிக்கொள்ளும் ஃபியூக் என்ற மேற்கத்திய வடிவத்தை எடுத்து, அதன் நடுவில் கமகத்தோடு வயலினை நடக்க விட்டிருப்பார். அடியில் பேஸ் கிட்டார். இந்த பேஸ் கிட்டாரைச் சின்ன டேப் ரெக்கார்டரில் கேட்டால் பாதி காணாமல் போய்விடும். எங்கள் மரப்பெட்டி ஸ்பீக்கரில் அது மேஜையை அதிர வைக்கும். வயலின் ஒரு பேச்சுப் பேச, பேஸ் அதற்கு வேறொரு பேச்சு பதிலாகச் சொல்லும். தாளத்தைத் தாங்குவதோடு தன் வேலை முடிந்தது என்று அந்த பேஸ் நினைப்பதே இல்லை.

இரண்டு வருஷம் கழித்து, 1988-ல், 'நத்திங் பட் விண்ட்' வந்தது. அதில் புல்லாங்குழல் ஹரிபிரசாத் சௌராசியா. ஐந்து உருப்படிகள், பின்னால் பெரிய வாத்தியக் குழு. அது கொஞ்சம் கூடுதலாக விற்றது, சௌராசியா பெயருக்காக.

முதல் ஆல்பத்தை முழுசாக உட்கார்ந்து கேட்டவர்களில் எனக்கு நன்றாக நினைவிருப்பவர் ஒருவர். டிரஸ்ட்புரத்தில் குடியிருந்த வயலின்காரர். சினிமா ரெக்கார்டிங்கில் பின்வரிசையில் வாசிப்பவர். காலை கால்ஷீட் முடிந்து மத்தியானம் பெட்டியோடு கடைக்கு வருவார். வயலின் பெட்டியை ஸ்டூலில் சாத்தி வைத்துவிட்டு, "அண்ணே, அதைப் போடுங்க" என்பார். அப்பா போடுவார். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஆள்காட்டி விரலால் காற்றில் காட்டுவார். "இந்த வில்லு யாருதுன்னு தெரியுது. இவரு இழுத்தா மட்டும்தான் முடியற எடத்துல இப்டி ஒரு மூச்சு விடும். இதோ, இந்தப் பக்கம் இருக்கறது அவரு." பெயர்களைச் சொல்லிக்கொண்டே போவார். எனக்கு ஆச்சரியமாக இருக்கும். நாற்பது வயலின் சேர்ந்து இழுத்தால் எனக்கு ஒரே சத்தம். அவருக்கு அது தெருவில் எதிர்ப்படும் தெரிந்த முகங்கள்.

"பாட்டுல நாங்க எப்ப வருவோம் பாப்பா? பல்லவி முடிஞ்சு சரணத்துக்குள்ள ஒரு அரை நிமிஷம். அதுக்குள்ள ஹீரோயின் மரத்தச் சுத்தி வந்துடுவா. இதுலதான் யாரும் குறுக்க வரல" என்றார் ஒரு நாள்.

கோடம்பாக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த வாத்தியக்காரர்களைத் தெரியும். தெரியும் என்றால், பெயர் தெரியாமல் தெரியும். காலையில் ஆற்காடு சாலையில் செல்லோவை ஆட்டோவில் நிறுத்தி வைத்துக்கொண்டு போகிறவர், சைக்கிள் கேரியரில் தபலாவைக் கட்டிக்கொண்டு போகிறவர், மழையில் கிட்டாருக்குப் பிளாஸ்டிக் உறை போட்டுத் தான் நனைந்து போகிறவர். ஏவி.எம்., விஜயா வாகினி, சாலிகிராமத்தில் பிரசாத் என்று அவர்களுக்கு வழி உண்டு. எல்லோரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து ஒரே மூச்சில் வாசித்துப் பதிந்த காலம் அது. நாலாவது நிமிடத்தில் ஒருவர் பிசகினால் முதலிலிருந்து எல்லோரும் வாசிக்க வேண்டும்.

1964-ல் வந்த 'சர்வர் சுந்தரம்' படத்தில் ஓர் ஒலிப்பதிவுக் காட்சி உண்டு. எம்.எஸ்.விஸ்வநாதன் கையசைத்து நடத்த, டி.எம்.சௌந்தரராஜன் பாட, வாத்தியக் குழுவைக் கேமரா சுற்றிச் சுற்றிக் காட்டும். தமிழ் சினிமா தன் வாத்தியக்காரர்களை அப்படி நேராகப் பார்த்த தருணம் அபூர்வம். அக்கார்டியன் மங்களமூர்த்தி போன்றவர்கள் அந்தக் காலத்துப் பாட்டுகளின் சுவாசமாக இருந்தார்கள். சாக்ஸபோனும் பாங்கோவும் ட்ரம்பெட்டும் அமெரிக்க ஜாஸ் காதில் விழாத வீடுகளுக்குள்ளும் விஸ்வநாதன் பாட்டு வழியாக நுழைந்தன. ஜாஸ் என்ற சொல்லே தெரியாத என் பாட்டி, சாக்ஸபோன் வந்தால் தலையாட்டுவாள்.

இவர்களுக்கென்று சங்கம் வேண்டும் என்று நின்றவர் எம்.பி.சீனிவாசன். தானும் இசையமைப்பாளராக இருந்துகொண்டு, வாசிப்பவர்களின் கூலிக்காகப் பேசி, சினி மியூசிஷியன்ஸ் யூனியனை உருவாக்கினார். அதனால் கூலிக்கு ஒரு வரையறை வந்தது. பெயருக்கு வரவில்லை. படத்தின் தொடக்கத்தில் ஓடும் எழுத்துகளில் இசையமைப்பாளர் பெயர் வரும், பாடகர் பெயர்கள் வரும், சில சமயம் உதவியாளர் பெயர் வரும். வாசித்தவர்களின் பெயர் வராது.

இப்போது நியூயார்க்குக்கு ஒரு நடை போய் வர வேண்டியிருக்கிறது. என் தங்கை மகன் ராப் பைத்தியம். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு ஹாலில் ஓர் ஆல்பத்தை ஓட விட்டான். பேஸ் கிட்டார், ட்ரம்ஸ், பழைய ஆர்கன் சத்தம், காங்கா. அரை மணி நேரம் ஆகியும் யாரும் வாய் திறக்கவில்லை. "என்னடா, இதுல யாரும் பாடலையா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான், லாரி செட்டுக்காரர் கேட்ட அதே கேள்வி என்பது எனக்கு உறைத்தது.

அது பீஸ்டி பாய்ஸ் என்ற மூவரின் 'தி மிக்ஸ்-அப்', 2007-ல் வந்தது. வேகவேகமாகச் சொல் அடுக்கிப் பேர் வாங்கியவர்கள் அவர்கள். அவர்களுடைய 'லைசன்ஸ்ட் டு இல்' 1986-ல் வெளிவந்து, அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் ராப் ஆல்பம் ஆனது. இங்கே எங்கள் கடைக்கு இளையராஜாவின் வார்த்தையில்லாத கேசட் வந்த அதே வருஷம். இருபது வருஷம் கழித்து அதே ஆட்கள் மைக்கைக் கீழே வைத்துவிட்டார்கள். ஆடம் யாவ்க் பேஸ் கிட்டார், ஆடம் ஹொரோவிட்ஸ் கிட்டார், மைக் டயமண்ட் ட்ரம்ஸ், கூட கீபோர்டில் மணி மார்க், தாளவாத்தியத்தில் ஆல்ஃபிரடோ ஓர்ட்டிஸ். பன்னிரண்டு உருப்படி, ஒரு சொல் கிடையாது. ராப் கேட்க வந்தவர்களுக்கு ஏமாற்றம். ஜாஸ் கேட்பவர்களோ இவர்களை எட்டிப் பார்க்கவில்லை. 2008-ல் அதற்குக் கிராமி விருது கிடைத்தும் அவர்களுடைய ஆல்பங்களை வரிசைப்படுத்துகிறவர்கள் பெரும்பாலும் அதைக் கடைசியில்தான் வைக்கிறார்கள். யாவ்க் 2012-ல் இறந்து போனார்.

அந்த இசையை ஃபங்க் என்கிறார்கள். ஜேம்ஸ் பிரவுன் அதற்கு வழி போட்டவர். ஒவ்வொரு சுற்றிலும் முதல் அடியில் எல்லோரும் வந்து விழ வேண்டும் என்பது அவர் வைத்த கட்டளை. அதைத் தங்கை மகன் விளக்கியபோது எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை. நம் ஊரில் அதைச் சமம் என்போம். சமத்துக்கு வந்து சேர்வது தெரிந்தால், நடுவில் எங்கு வேண்டுமானாலும் போய் வரலாம். மிருதங்கக்காரருக்கும் பேஸ் கிட்டார்காரருக்கும் இதில் பொது மொழி உண்டு. இளையராஜாவின் பேஸை நான் அந்த மொழியில்தான் கேட்டு வந்திருக்கிறேன்.

'தி மிக்ஸ்-அப்' ஆல்பத்தில் எனக்குப் பிடித்த இன்னொரு சங்கதி. ஓர் உருப்படிக்கு 'தி ரேட் கேஜ்' என்று பெயர். ரேட் கேஜ் என்பது நியூயார்க்கில் இருந்த ஒரு ரெக்கார்டு கடை. இந்தப் பையன்களின் முதல் ரெக்கார்டை 1982-ல் அந்தக் கடையின் பெயரில்தான் வெளியிட்டார்கள். இருபத்தைந்து வருஷம் கழித்து, உலகமெல்லாம் சுற்றி வந்த பிறகு, வார்த்தையே இல்லாத இசைக்குக் கூட அந்தக் கடையின் பெயரை நினைவாக வைத்திருக்கிறார்கள். அதைக் கேட்டுவிட்டு நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். கேசட் கடைக்காரர் மகளுக்கு அது புரியும்.

அவர்களுடைய ஆல்பத்தை எடுத்தால் யார் எதை வாசித்தார்கள் என்று பத்து விநாடியில் தெரிந்துகொள்ளலாம். அதே கைபேசியில் 'ஹவ் டு நேம் இட்?' தேடிப் பார்த்தேன். இளையராஜா என்ற ஒரே பெயர் வந்தது. மறுபடியும் அதே கோடு.

இதற்கு ஒரு பதில் தயாராக இருப்பது எனக்குத் தெரியும். 'எல்லாம் ராஜா எழுதிய நோட்ஸ். ஒவ்வொரு வயலினுக்கும் தனித்தனியாக எழுதிக் கொடுப்பவர் அவர். எழுதியதைப் பார்த்து வாசிப்பவருக்கு என்ன பெயர்?' என்பார்கள். இளையராஜா எழுதிய அளவுக்கு எழுதியவர் நம்மில் இல்லை என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் கற்றுக்கொண்ட நோட்ஸ் பாஷையை, கூடத்தில் எல்லோரும் காத்திருக்க, கடிதம் எழுதுவதுபோல எழுதிக் கொடுக்கிறவர் அவர். ஆனால் அந்தக் கோடுகளுக்குள் கமகம் அடங்காது. ஒரு ஸ்வரம் தன் இடத்தில் நிற்காமல் பக்கத்து ஸ்வரத்தைத் தொட்டுவிட்டு வருவதை, அது எவ்வளவு தொட வேண்டும், எப்போது திரும்ப வேண்டும் என்பதை, மேற்கத்திய நோட்ஸில் புள்ளி வைத்து எழுதிக் காட்ட முடியாது. அதை வாசிப்பவரின் காதும் விரலும்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஐரோப்பிய வாத்தியக் குழுவில் இருப்பவருக்கு நோட்ஸ் தண்ணீர் பட்ட பாடு, ஆனால் கமகம் அவர் கையில் கிடையாது. நம் சபாக் கச்சேரி வயலின்காரருக்குக் கமகம் மூச்சு, ஆனால் நாற்பது பேரோடு நோட்ஸ் பார்த்து ஒரே வில்லாக இழுப்பது பெரும்பாலும் அவர் வழக்கமில்லை. இரண்டையும் ஒரே காலையில் செய்யக்கூடியவர்கள் கோடம்பாக்கத்து ரெக்கார்டிங் கூடங்களில் உருவானார்கள். இந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பெயர்ப்பலகை இல்லை. அதன் சான்றிதழ் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் 'ஹவ் டு நேம் இட்?' கேசட்டைக் காட்டுவேன். நரசிம்மன் பாக் பாணியில் நேர்கோடாக இழுத்துக்கொண்டே வந்து, அடுத்த வாக்கியத்தில் தஞ்சாவூர்ப் பக்கம் திரும்புவார். தையல் தெரியாது. 1981-ல் 'ராஜ பார்வை' படத்தில் கமல்ஹாசன் கையில் பார்த்த வயலினும் அவர் வாசித்ததுதான். பின்னாளில் அவரே மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்ட்டெட் என்ற நால்வர் குழுவை அமைத்துக் கீர்த்தனைகளை மேற்கத்திய நால்வர் வடிவில் வாசித்து வந்தார். மாநிலமே கொண்டாட வேண்டிய காரியம் அது.

பேஸ் கிட்டாரில் சசிதரன், கீபோர்டில் விஜி மேனுவல், ட்ரம்ஸில் தொடங்கிக் குழுவையே நடத்தும் இடத்துக்கு வந்த புருஷோத்தமன், புல்லாங்குழலில் நெப்போலியன் என்ற அருண்மொழி. இவை இளையராஜா குழுவின் பெயர்கள். நாற்பது வருஷமாகத் தமிழர்கள் தூங்கப்போகும்போதும் பஸ்ஸில் போகும்போதும் இவர்கள் விரலைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எத்தனை பேருக்கு இந்தப் பெயர்கள் தெரியும் என்று உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

பெயர் போடுவது முடியாத காரியமும் இல்லை. எங்கள் கோடம்பாக்கத்திலேயே, பஞ்சதன் ஸ்டூடியோவிலிருந்து ஏ.ஆர்.ரஹ்மான் செய்து காட்டினார். அவருடைய கேசட், சிடி அட்டைகளில் வாசித்தவர்களின் பெயர் சின்ன எழுத்தில் வரும். புல்லாங்குழல் நவீன், பேஸ் கீத் பீட்டர்ஸ், தாளவாத்தியம் சிவமணி என்று நான் அட்டையைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அதைப் படித்த பையன்களில் சிலர் பேஸ் கிட்டார் வாங்கினார்கள். பெயர் தெரிந்தால்தானே அவரைப் போல ஆக வேண்டும் என்று ஒரு பிள்ளைக்கு ஆசை வரும்?

2025 மார்ச் 8-ம் தேதி லண்டனில் இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனி அரங்கேறியது. ராயல் ஃபில்ஹார்மானிக் வாத்தியக் குழு வாசித்தது. நானும் கண் கலங்கித்தான் செய்தி பார்த்தேன். 1993-ல் அதே குழுவை வைத்து அவர் பதிந்த சிம்பொனி இன்றுவரை வெளிவரவில்லை என்ற வருத்தத்துக்கு அது ஒரு மருந்தாக இருந்தது. நம் ஊர் மனிதர் எழுதியதை வெள்ளைக்காரர்கள் எழுந்து நின்று வாசித்தார்கள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு. கூடவே ஒரு ஆற்றாமையும் உண்டு. அவர் எழுதிய பெரிய இசையை, பாட்டு வேண்டாம் என்று ஒதுக்கி வைத்து, வாத்தியத்தை மட்டும் நம்பி எழுதியதை, முதலில் வாசித்துக் காட்டியவர்கள் நம் பக்கத்துத் தெருக்காரர்கள். லண்டனுக்கு நாம் கொடுத்த காதை அவர்களுக்குக் கொடுக்கவில்லை. அவர்கள் வாசித்ததைப் பாட்டுகளுக்கு நடுவில் இடம் நிரப்பினோம். எங்கள் கையாலேயே நிரப்பினோம்.

இயக்குநர் பாலுமகேந்திரா ஒருவர் அதை வேறு விதமாகக் கேட்டார். 1988-ல் வெளிவந்த 'வீடு' படத்தில் பாட்டு கிடையாது. 'ஹவ் டு நேம் இட்?' ஆல்பத்தின் இசையைத்தான் அவர் அந்தப் படத்துக்குப் பயன்படுத்திக்கொண்டார். சொக்கலிங்க பாகவதர், அரைகுறையாக எழும்பி நிற்கும் வீட்டைப் பார்க்கக் குடையோடு தனியாக வரும் இடத்தை நினைத்துப் பாருங்கள். செங்கல்லையும் சிமெண்டையும் தொட்டுப் பார்க்கும் கிழவருக்குப் பின்னால் ஒரு வார்த்தை பாட்டு வந்திருந்தாலும் தாங்கியிருக்காது. அப்பாவும் நானும் அந்தப் படம் பார்த்தோம். "நம்ம மிச்ச மியூசிக்டா" என்று அப்பா என் காதில் சொன்னார். அவர் குரல் கம்மியிருந்தது. அந்தக் கிழவரைப் போல வீடு கட்ட ஆசைப்பட்டு முடியாமல் போனவர் அப்பாவும்.

எனவே நான் கேட்பது இது. இளையராஜாவின் இந்த இரண்டு ஆல்பங்களையும் இன்று விற்பவர்கள், கைபேசியில் ஓட விடுபவர்கள், யார் யார் வாசித்தார்கள் என்பதைத் தேடிப்பிடித்துப் பதிவிட வேண்டும். கால்ஷீட் கணக்குகள் எங்கோ இருக்கும். கணக்கு போனாலும் ஞாபகம் இருக்கிறது. அன்று முப்பது வயதில் வாசித்தவர்களுக்கு இன்று எழுபது. வில்லைக் கேட்டே ஆளைச் சொல்லத் தெரிந்த டிரஸ்ட்புரத்து வயலின்காரர் இன்று இல்லை. அவரைப் போன்றவர்கள் இன்னும் சிலர் வடபழனியிலும் சாலிகிராமத்திலும் இருக்கிறார்கள். யூனியனும், அடையாறு பக்கம் இருக்கும் அரசு இசைப் பல்கலைக்கழகமும் கை கோத்தால் ஒரு வருஷத்தில் அவர்களை உட்கார வைத்து, இசையை ஓட விட்டு, சொல்வதை எழுதிக்கொள்ள முடியும். மாணவர்கள் நாலு பேரும் ஒரு ரெக்கார்டரும் போதும்.

அப்படியே மார்கழியில் ஒரு சாயங்காலத்தை இதற்குக் கொடுங்கள். தியாகராஜருக்கு அர்ப்பணித்த இசை இது. மயிலாப்பூரிலும் தி.நகரிலும் எத்தனையோ சபாக்களில் நான் உட்கார்ந்திருக்கிறேன், எந்த மேடையிலும் இதைக் கேட்டதில்லை. பத்து உருப்படியும், பேஸ் கிட்டார் உள்பட, முதலிலிருந்து கடைசிவரை. பாடகர் வேண்டாம், தொகுத்துப் பேசுகிறவர் வேண்டாம். வாசித்தவர்களில் வர முடிந்தவர்களை முதல் வரிசையில் உட்கார வையுங்கள்.

கடையை 1999-ல் மூடினோம். சிடி வந்து, பிறகு எம்பி3 வந்து, அந்தச் சந்தில் இப்போது மொபைல் ரிப்பேர் கடை இருக்கிறது. அப்பா போய்ப் பதினோரு வருஷம். போன மாதம் கடைப்பக்கம் பழக்கமான ஓர் அம்மா, வீட்டை ஒழிக்கும்போது கிடைத்தது என்று ஒரு கேசட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் கல்யாணத்துக்கு முன் எங்கள் கடையில் பதிந்து வாங்கியது. அட்டையில் என் பதினைந்து வயதுக் கையெழுத்து. ஆறு பாட்டு, ஏழாவது வரியில் கோடு.

தங்கை மகன் எங்கிருந்தோ ஒரு டெக் கொண்டுவந்தான். நாடா கொஞ்சம் இழுத்தது, பிறகு சரியாயிற்று. ஆறாவது பாட்டு முடிந்து ஒரு மூச்சு அமைதி. அப்பா பட்டனை அழுத்தும் 'டக்' சத்தம்கூடப் பதிவாகியிருந்தது. பிறகு வயலின் தொடங்கியது. ஒன்று, இரண்டு, பின்னால் எல்லாம் சேர்ந்து. பேஸ் உள்ளே வந்தது. இரண்டு நிமிடம் பத்து விநாடியில் நாடா தீர்ந்து, நடு வாக்கியத்தில் நின்றது.

அந்த அம்மா, "இந்தக் கடைசிப் பிட்டு என்னதும்மா? முப்பத்தஞ்சு வருஷமா கேக்கறேன், என்ன படம்னே தெரியல" என்றார்.

பேனா எடுத்து, கோட்டுக்குப் பக்கத்தில் எழுதினேன்: ஹவ் டு நேம் இட்? – இளையராஜா. வயலின் – வி.எஸ்.நரசிம்மன். அதற்குக் கீழே இன்னும் இடம் இருந்தது.